கேட்டால் சொல்லுவார்

அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பொய் சொல்கிற டிரைவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

நான் வேலையில் சேர வந்த அன்றே அது தொடங்கிவிட்டது. எழுபதுகளின் ஆரம்பம். ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாதா கோயில், அதை ஒட்டி மூன்று அறைகள் கொண்ட மிஷன் ஆஸ்பத்திரி. செங்கல்பட்டில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தேன். வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றிருந்தது. காக்கிச் சட்டை போட்ட, ஒல்லியான, உயரமான ஒருவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியை நடத்துகிற கோயில் சாமியார் இருக்கிறாரா என்று கேட்டேன். “கீறாரு” என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு உட்கார்ந்தவள் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சமையல்காரம்மா வந்து, சாமியார் நேற்றே குன்றத்தூர் போய்விட்டார், நாளைக்குத்தான் வருவார் என்றாள்.

நேராக வண்டிக்காரரிடம் போய், இருக்கிறார் என்று சொன்னீர்களே என்றேன்.

“கீறாரு. குன்றத்தூர்ல கீறாரு.”

முகத்தில் குறும்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. சாமியார் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் நான் கேட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். என் கேள்விக்குச் சரியான பதிலைக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டி வயது இருக்கும். யார் எதைக் கேட்டாலும் கையில் இருப்பதைக் கீழே வைப்பார். கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். கேள்வி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு பதிலை வெட்டிக் கொடுப்பார். ஒரு விரற்கடை கூட மிச்சம் இருக்காது. கேட்காத எதையும் சொல்லமாட்டார். வம்பு பேசாத மனுஷன் என்று சாமியாருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சாமியார் அவரோடு ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர் இல்லை. நான் செய்தேன்.

ஒரு நாள் காலையில் மருந்துப் பெட்டியை ஏற்றியாயிற்றா என்று கேட்டேன். ஏற்றியாயிற்று என்றார். ஏழு மைல் போய், வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு எதிரில் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பாட்டில்களைக் கழுவுவதற்காக முந்தின நாள் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். இவர் காலிப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்திருக்கிறார். தூக்கும்போது கனமில்லாமல் இருந்தது தெரியவில்லையா என்றேன். தெரிந்தது என்றார். அன்றைக்கு எனக்குத் தலைவலி மாத்திரை தேவைப்பட்டது. அதுவும் பெட்டியில் இல்லை.

வடக்குப்பட்டில் அவர் வீடு. அவர் மனைவிக்கு இரண்டு தடவை பிரசவம் பார்த்திருக்கிறேன் என்பதால் அந்த அம்மாளுக்கு என்மேல் பிரியம். எப்படித்தான் இவரோடு காலம் தள்ளுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். “என்ன பொண்ணு பாக்க வந்தப்ப, நெலம் கீதான்னு எங்கப்பா கேட்டாரு. கீது, ரெண்டு ஏக்கருன்னாரு. கண்ணாலம் முடிஞ்சி பாத்தா அது அவரு சித்தப்பாவோடது. எங்கப்பா சண்டைக்கிப் போனாரு. யாருதுன்னு நீங்க கேக்கலியேன்னுட்டாரு.” பிறகு, தினமும் சாயங்காலம் வந்ததும் போலீஸ்காரர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டதாகச் சொன்னாள். சின்ன வயதில் ஏதாவது அடிபட்டு இப்படி ஆனாரோ என்று கேட்டேன். அவருடைய அம்மாவே இதைச் சொல்லித்தான் அழுவாளாம், பிறந்தபோதே இப்படித்தானாம்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பட்டாளத்து ஏலத்தில் வந்த பிக்கப். பக்கத்தில் ஒரு கல்குவாரி முதலாளி வாங்கிப் பல வருஷம் ஓட்டியிருக்கிறார். அவரிடமிருந்து சாமியார் ஆஸ்பத்திரிக்காக வாங்கினார். வண்டியோடு டிரைவரும் வந்துவிட்டார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். சாதாரணமாகப் பின் சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும். அந்தக் குட்டி லீவரைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறிவிடும் என்று சாமியார் பெருமையாகச் சொல்வார். அதை நம்பித்தான் வாங்கினார். எங்கள் பக்கம் ஏரிகள் ஜாஸ்தி. மழைக்காலத்தில் ஏரிக்கு அந்தண்டை இருக்கும் குடிசைகளுக்குப் பாதை என்று ஒன்று இருக்காது, களிமண் சேறுதான்.

இரண்டாவது வருஷம் ஐப்பசியில், ஏரிக்கு அந்தண்டையிலிருந்து ஒரு ஆள் நனைந்துகொண்டு ஓடிவந்தான். அவன் தங்கைக்குத் தலைச்சன் பிரசவம். வலி எடுத்து ஒரு நாள் ஆகிவிட்டது, கை வெளியே வந்திருக்கிறது என்றான். கை வந்தால் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று அர்த்தம். பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அவளைத் தூக்கி வண்டியில் போட்டுச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஏரியின் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலைத் தாண்டி முக்கால் மைல்கூடப் போகவில்லை. பின் சக்கரங்கள் களியில் இறங்கி, அப்படியே நின்ற இடத்தில் சுற்றத் தொடங்கின. லீவரைப் போடச் சொன்னேன். போட்டார்.

“விழுந்துச்சா?”

“வியுந்துது.”

“அப்புறம் ஏன் வண்டி போகல?”

“களி.”

மறுபடி போட்டுப் பாருங்கள் என்றேன். எடுத்தார், போட்டார். பின் சக்கரங்கள் இன்னும் ஒரு சாண் இறங்கின. வண்டியில் ஏதாவது ரிப்பேரா என்று கேட்டேன். “ரிப்பேரு ஒண்ணுங் கெடையாது” என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் அந்த ஆளுக்குப் பின்னால் நடந்தேன். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குழந்தை இறந்துவிட்டிருந்தது. தாயைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு வேறு வழியாகச் சுற்றி ரோட்டுக்கு வந்து, அந்த வழியே போன ஒரு லாரியை நிறுத்தி ஏற்றினோம். அவள் பிழைத்தாள்.

வண்டி போயிருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கை வெளியே வந்த குழந்தை. ஒரு நாள் தாமதம். தொழில் தெரிந்தவளாக யோசித்தால் பிழைத்திருக்காது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம்தான்.

சாமியார் பதறிப்போனார். மறு வாரமே வண்டியை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினார். மெக்கானிக் கெட்டிக்காரர்தான். லீவர் விழுகிறதா என்று டிரைவரைக் கேட்டார், விழுகிறது. முன் சக்கரம் சுற்றுகிறதா என்று கேட்டார், சுற்றுகிறது. வண்டி ஓடினால் நான்கு சக்கரமும் சுற்றத்தான் செய்யும். லீவருக்குக் கீழே இருக்கும் பெட்டியைப் பிரித்து, துருவைத் தட்டி, எண்ணெய் மாற்றி அனுப்பினார். கோயில் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். பிரமாதமாக ஓடியது. காய்ந்த மண்ணில் எந்த வண்டிதான் ஓடாது? ஏரிக்குள் இறக்கிப் பார்த்தால் பழையபடி பின் சக்கரம் மட்டும் குழி தோண்டியது. முன் சக்கரம் இரண்டும் வேடிக்கை பார்த்தன.

இரண்டாம் தடவை மெக்கானிக் பெட்டிக்குள் ஏதோ கவட்டை தேய்ந்திருக்கிறது என்று புதிதாகப் போட்டார். அப்போதும் அதே கதை. மூன்றாம் தடவை ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, அடியில் படுத்துக்கொண்டு லீவரைப் போடச் சொன்னார். பெட்டியிலிருந்து முன்பக்கம் போகும் நீளத் தண்டு நன்றாகச் சுற்றியது; சக்கரங்கள் அசையவில்லை. ஆகவே பெட்டியில் குற்றமில்லை, முன் அச்சுக்கு நடுவில் இருக்கும் இரும்பு உருண்டைக்குள் பல்சக்கரம் உடைந்திருக்க வேண்டும், அது மெட்ராஸில்தான் தேட வேண்டும், கிடைக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார். மூன்று தடவையும் எங்கள் டிரைவர் வண்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து மெக்கானிக்குக் கை விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெட்ராஸிலிருந்து சாமான் வரும் என்று காத்திருந்த நாளில்தான், படப்பையில் ஒரு தடுப்பூசி முகாமை முடித்துவிட்டு வண்டியில் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எரிச்சலில்தான் கேட்டேன், பதில் வரும் என்று நினைத்துக் கேட்கவில்லை.

“கல்குவாரியில இருந்தப்பவாவது இந்த வண்டி முன் சக்கரம் இழுத்துச்சா?”

“இயித்துது.”

“எப்பலேர்ந்து இழுக்கல?”

“கயட்டுனதுலேர்ந்து.”

பேனாவை மூடினேன்.

“எதைக் கழட்டினதுலேர்ந்து?”

“உள்ளாற போற கம்பிங்க. நடு உருண்டையிலேர்ந்து சக்கரத்துக்குப் போவும். லெப்டு ஒண்ணு, ரைட்டு ஒண்ணு.”

“யாரு கழட்டினது?”

“நானு.”

“ஏன்?”

“மொதலாளி சொன்னாரு. பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது, ஸ்டேரிங்கு கனமா கீதுன்னு. கயட்டிட்டு மேல மூடி போட்டு முடுக்கிட்டா வெளியில தெரியாது.”

“அந்தக் கம்பி இப்ப எங்க இருக்கு?”

“வூட்ல.”

“வீட்ல எங்க?”

“ஒண்ணு பரண்மேல கீது. ஒண்ணுல மாடு கட்டிக்கீது.”

அந்த மாட்டை எனக்குத் தெரியும். அந்த மாட்டுப் பாலில் காப்பி குடித்திருக்கிறேன். மெக்கானிக் மூன்று தடவை வண்டியைப் பிரித்தபோது பக்கத்தில்தானே இருந்தீர்கள் என்றேன். ஆமாம், லைட்டுப் பிடித்தேன் என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன்.

“அவரு ஸ்பேனரு கேட்டாரு. குடுத்தேன்.”

“அந்தப் புள்ள செத்துப்போச்சு” என்றேன். அது கேள்வி இல்லை. அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?”

“தோணுச்சு.”

என்ன தோன்றியது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலையில் நான் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து ஒரகடம் போய்விட்டேன்.

கம்பிகள் வந்தன. மாடு கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து, மூட்டு அசையாமல் இறுகியிருந்தது. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெக்கானிக்கும் இவரும் சேர்ந்து அரை நாளில் மாட்டிவிட்டார்கள். மெக்கானிக் இவரைத் திட்டியது ஊருக்கே கேட்டிருக்கும். ஏரிக்குள் இறக்கிப் பார்த்தபோது வண்டி எருமை மாதிரி நிதானமாகக் களியை மிதித்துக்கொண்டு ஏறி வந்தது. சாமியார் கை தட்டினார். அந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று நான் சாமியாரிடம் சொல்லியிருந்தேன். எதற்காக அனுப்புவது, பொய் சொன்னாரா, திருடினாரா, குடித்தாரா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஏழு நாள் பேசவில்லை. அவராக ஒரு நாளும் முதலில் பேசுகிறவர் இல்லையாதலால், நான் பேசாததால் அவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எட்டாம் நாள், எந்த ஊருக்குப் போகிறோம் என்று எனக்கே தெரியாமல் வண்டி போய்க்கொண்டிருந்ததால், நான்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

அடுத்த வருஷம் மழை தொடங்கியதும் ஏரிக்கு அந்தண்டைக் குடிசைகளுக்குப் போக வேண்டி வந்தது. கலங்கலைத் தாண்டியதும் நான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். லீவரைப் போடவில்லையா என்றேன். வேண்டாம் என்றார். வண்டி குலுங்கியதே தவிர இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். நாங்கள் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து குடிசைகள் வரைக்கும் கருங்கல் ஜல்லி கொட்டி மிதித்திருந்தது. பஞ்சாயத்தில் செய்தார்களோ என்று நினைத்தேன். அங்கே கேட்டால் பஞ்சாயத்து அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றார்கள். திரும்பி வரும்போது அவரிடம் கேட்டேன்.

“கல்லு யாரு கொட்டினது?”

“நானு.”

“எப்ப?”

“ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம. பூசைக்கி அப்பறம்.”

“சாமியார் சொன்னாரா?”

“இல்ல.”

ஜல்லி பழைய முதலாளியின் குவாரியில் கழிவாகக் கிடந்ததாம். எத்தனை ஞாயிறு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, பதினாலு என்றார். அந்தப் பதினாலு ஞாயிறுகளில் பாதி நாள் அவர் என்னை அதே வண்டியில்தான் திங்கட்கிழமை காலை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியின் பின்பக்கம் ஏன் இப்படிக் கல் தூசியாக இருக்கிறது என்று நானும் திட்டியிருக்கிறேன். திட்டினேனே தவிர, கேட்கவில்லை.

நான்காம் வருஷத்திலிருந்து எங்களுக்குத் தொழுநோய்க் கணக்கெடுப்பு வேலை வந்தது. எங்கள் பக்கம் அந்த நோய் அதிகம். ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். உடம்பில் தேமல் மாதிரி இடம் இருக்கிறதா, கிள்ளினால் தெரியாத இடம் இருக்கிறதா, சூடு தெரியாமல் கையோ காலோ புண்ணானதுண்டா என்று கேட்க வேண்டும். ஆம்பிளைகளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிறுத்துவது டிரைவரின் வேலை. நோட்டையும் அவர்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். ஜனங்கள் பயந்து மறைப்பார்கள். ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். இந்த மனுஷனிடம் பழகின பழக்கம்தான் என்று சாமியாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மூன்று வருஷம் அந்த வேலை நடந்தது. ஒரு சித்திரை வெயிலில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது வண்டி கொதித்து நின்றது. அவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். எப்போதும் கையில் பஞ்சுக் கழிவை வைத்துக்கொண்டுதான் ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். அன்றைக்கு வெறுங்கையால் திறந்தார். ஆவி சீறிக்கொண்டு வந்தது. நான் அலறிவிட்டேன். அவர் மூடியைக் கையில் பிடித்தபடியே, ஏன் அலறுகிறாள் என்று என்னைப் பார்த்தார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரம் வெந்து, தோல் வெளுத்து, கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

“சுடலையா?”

“இல்ல.”

மூடியை வாங்கிக் கீழே போட்டேன். என் முந்தானையை வைத்துப் பிடித்துமே எனக்குச் சுட்டது. அவர் முழங்கையை மடக்கி உள்பக்கம் தடவிப் பார்த்தேன். அங்கே ஓடும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. நூற்றுக்கணக்கான முழங்கைகளைத் தடவியிருக்கிறேன். கை வைத்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“கையில உணர்ச்சி இல்லாம எத்தனை நாளா இருக்கு?”

“மூணு வருசமா.”

“தேமல் இருக்கா?”

“கீது.”

“எங்க?”

“முதுவுல ஒண்ணு. தொடையில ஒண்ணு.”

கணக்கெடுத்த நோட்டுகள் ஏழு, வண்டிக்குள் பெட்டியில் இருந்தன. ஏழிலும் அவர் பெயர் இல்லை.

“ஊர் ஊரா நான் கேட்டேனே. பக்கத்துலதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“நான் கேட்டது காதுல விழலையா?”

“வியுந்துது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“ஊர்க்காரங்கள கேட்டீங்க.”

வண்டியிலிருந்த குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்து அவர் கையில் ஊற்றிக்கொண்டே திட்டினேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினேன். சாமியார் குன்றத்தூரில் இருந்ததையும், காலிப் பெட்டியையும், மாடு கட்டிய கம்பியையும் விடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாத்திரை கொடுத்திருந்தால் கை போயிருக்காதே என்று சொல்லும்போது அழுகையும் வந்தது. அவர் கையை நீட்டியபடி, மழையில் நனைகிற ஆள் மாதிரி நின்றார். திட்டித் திட்டி மூச்சு வாங்கிய பிறகு, எங்கிருந்தோ அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

“பயமா?”

வெகுநேரம் பதில் வரவில்லை. அவரிடம் அது புதிது.

“பயந்தான்.”

“எதுக்குப் பயம்?”

“வண்டிய வாங்கிக்குவாங்க.”

நான் பெட்டியிலிருந்து எட்டாவது நோட்டை எடுத்துப் பிரித்து முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன். வண்டி ஆறியதும் ஏறி, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன்.

வண்டியை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. சாமியாரிடம் நான்தான் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஓட்டட்டும் என்றார். மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையல்காரம்மா அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். நானும் அதே டம்ளரில்தான் காப்பி குடிப்பேன் என்று ஒரு மாதம் பிடிவாதம் பிடித்த பிறகு அந்த டம்ளர் மற்ற டம்ளர்களோடு சேர்ந்தது. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, “நானு எல்லாத்தையுங் கேட்டேன். இத கேக்கத் தெரியலியே” என்றாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தேமல்கள் மெல்ல மங்கின. கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியது மடங்கியதுதான், நிமிரவில்லை. தினமும் எண்ணெய் தடவி நீவிவிடச் சொன்னேன். நீவினீர்களா என்று கேட்டால், நீவினேன் என்பார். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்தக் கையை என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஸ்டியரிங்கின் சூடு தெரியாதென்று அதற்குத் துணி சுற்றினோம். திங்கட்கிழமை காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கை, கால், முதுகு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்றும் இல்லை என்பார். அதன் பிறகுதான் சாவியைத் திருப்புவார். வேலைக்கு நடுவில் இது வேறு ஒரு வேலை. சில நாள் எனக்கு அலுப்பாக இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

ஒரு திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து பெரிய டாக்டர் முகாமுக்கு வருவதாக இருந்தது. எனக்கு ஏக அவசரம். பெட்டியையும் நோட்டுகளையும் வண்டிக்குள் போட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்து, சீக்கிரம் கிளப்புங்கள் என்றேன். அவர் சாவியில் கை வைத்தார். திருப்பவில்லை. நான் மணியைப் பார்த்தேன். வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். இல்லை என்றார். பெட்ரோல் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். ஏதாவது மறந்துவிட்டோமா என்றேன். மறந்துவிட்டோம் என்றார். நோட்டுகளை எண்ணினேன், பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஊசிகளைப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. எனக்குத் தலை கொதித்தது. டாக்டர் வந்து நின்றிருப்பார், இந்த மனுஷன் இங்கே சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்போது அவர் நான் கேட்காமலே பேசினார். நான் அறிந்து அதுதான் முதல் தடவை.

“நர்சம்மா, இன்னிக்கி நீங்க கேக்கல.”

கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார். மடங்கிய விரல்கள் சாவிமேல் இருந்தன. புதிதாக ஏதோ புண் வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்துக் கைப்பையைக் கீழே வைத்தேன்.

“சரி, கேக்கறேன். புதுசா ஏதாச்சும் இருக்கா?”

“ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.